படம் என்னுடையது, முகம் யாருடையது?



முப்பத்தெட்டு சென்ட். அமெரிக்கக் காசு. நம்ம வெள்ளியில் கணக்குப் போட்டால் இரண்டு வெள்ளிகூட வராது. மாமாக் கடையில் ஒரு தே தாரிக் குடிப்பதே சந்தேகம். 2024 மார்ச் மாதத்தில் ஒரு நாள், தெர்மோடைனமிக்ஸ் வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தபோது இந்தத் தொகை என் கணக்கில் விழுந்ததாகக் கைப்பேசி சொன்னது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்தில் இருந்த நண்பனின் விலாவில் இடித்து, "டேய், என் படம் வித்துடுச்சுடா!" என்றேன். "எவ்வளவு?" என்றான். சொன்னேன். சிரித்தே செத்துவிட்டான்.

விற்றது எந்தப் படம் என்பதை அவனிடம் காட்டினேன். பத்துமலையில் தைப்பூசத்தன்று நான் எடுத்த படம். அதைப் பார்த்ததும் அவன் சிரிப்பை நிறுத்திவிட்டு, "இந்த அக்காவை உனக்குத் தெரியுமா?" என்று கேட்டான்.

தெரியாது.

அந்தக் கேள்வியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஆனால் அதற்கு முன்னால் இந்தத் தொழில் எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். உங்களில் பலருக்கு இதில் ஆசை இருக்கும். ஆசைப்படுவது தப்பில்லை, நானும் பிடிபிடிஎன் கடன்காரன்தான்.

ஸ்டாக் போட்டோ என்றால், இன்னாருக்கு என்று இல்லாமல் முன்கூட்டியே எடுத்து வைக்கும் படம். பத்திரிகைக்காரர், விளம்பர நிறுவனத்தார், பாடநூல் தயாரிப்பவர் என்று யாருக்குத் தேவையோ அவர் இணையத்தில் தேடி, ஒரு கட்டணம் கட்டி, அதைப் பயன்படுத்தும் உரிமத்தை வாங்கிக்கொள்வார். நாம் படத்தையே விற்பதில்லை, உரிமத்தைத்தான் விற்கிறோம். அதனால் ஒரே படத்தை நூறு பேருக்கும் விற்கலாம். 2000ஆம் ஆண்டில் கனடாவில் ஐஸ்டாக், 2003இல் அமெரிக்காவில் ஷட்டர்ஸ்டாக் என்று தொடங்கியவைதான் இந்தக் கதவை நம்மைப் போன்ற சாதாரண ஆட்களுக்கும் திறந்துவிட்டன. அதற்கு முன்பு இது பெரும்பாலும் தொழில்முறைப் புகைப்படக்காரர்களின் உலகம்.

தொடங்குவதற்குப் பெரிய கேமரா வேண்டியதில்லை. அடோபி ஸ்டாக்கில் ஒரு படம் குறைந்தது 4 மெகாபிக்சல் இருந்தால் போதும்; இன்றைய கைப்பேசிகள் அதைத் தாண்டிவிட்டன. பதினெட்டு வயது ஆகியிருக்க வேண்டும். அமெரிக்க வரிப் படிவம் ஒன்றை நிரப்பவேண்டும். நம் நாட்டுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே முழுமையான வருமான வரி ஒப்பந்தம் இல்லாததால், அமெரிக்காவில் வாங்கப்படும் உரிமங்களின் வருமானத்தில் 30 விழுக்காடு பிடித்துக்கொள்ளப்படும். வருமானப் பங்கும் தளத்துக்குத் தளம் மாறும். அடோபி ஸ்டாக் படங்களுக்கு 33 விழுக்காடு கொடுக்கிறது, கணக்கில் 25 டாலர் சேர்ந்த பிறகுதான் எடுக்க முடியும். ஷட்டர்ஸ்டாக்கில் 2020 ஜூன் முதல் 15இலிருந்து 40 விழுக்காடு வரை படிநிலை வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு ஜனவரி முதல் தேதியும் எல்லாரும் திரும்பவும் கீழ்ப்படியிலிருந்து ஏறவேண்டும். பரமபதம் மாதிரி.

இரண்டாம் ஆண்டு விடுமுறையில் வேலை பார்த்த காசில், பழைய கேமரா ஒன்றை 50 எம்எம் லென்ஸோடு வாங்கினேன். முதலில் அனுப்பிய பத்துப் படங்களில் ஏழு திரும்பி வந்தன. ஒன்றில் ஃபோக்கஸ் சரியில்லை. இன்னொன்றில் புள்ளி புள்ளியாக நாய்ஸ். வேறொன்றில் மேசைமேல் இருந்த பானக் குவளையில் நிறுவனத்தின் சின்னம் தெரிந்தது. ஏற்றுக்கொள்ளப்பட்ட மூன்றும் நான் பெரிதாக நினைக்காதவை: வாழையிலையில் முறுக்கு, எங்கள் ஆய்வுக்கூடத்து சர்க்யூட் போர்டு, மழை பெய்யும் நெடுஞ்சாலை. படத்தை ஏற்றுவதோடு வேலை முடிவதில்லை. தலைப்பு எழுதவேண்டும், ஐம்பது வரைக்கும் தேடுசொற்கள் கொடுக்கவேண்டும். வாங்குபவர் படத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது அந்தச் சொற்களை வைத்துத்தான். நல்ல படத்துக்கு மோசமான சொல் கொடுத்தால் அது கிணற்றில் போட்ட கல்தான்.

இனி தைப்பூசத்துக்கு வருகிறேன்.

2024 ஜனவரி 25. விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் படிகளின் மேல்பகுதியில் ஓர் ஓரமாக நின்றிருந்தேன். 272 படி ஏறி வருபவர்களின் முகம் அங்கேதான் மாறும். கீழே உறுமி மேளத்தின் சத்தம். பக்கத்தில் யாரோ "வேல் வேல்" என்று தொண்டை கிழியக் கத்துகிறார். மஞ்சள் சேலை கட்டிய ஓர் அக்கா, தலையில் பால்குடம், இரண்டு பக்கமும் ஆள் பிடித்திருக்க, கண்ணை மூடியபடி ஏறி வந்தார். கன்னம் முழுக்கக் கண்ணீர். விளக்கு வெளிச்சம் அந்த ஈரத்தில் பட்டு மின்னியது. இரண்டு விநாடி என் முன்னால் நின்றார், எனக்கு அது போதும். நான் இதுவரை எடுத்ததில் அதுதான் சிறந்த படம், இன்றைக்கும்.

வீட்டுக்கு வந்து ஏற்றும்போது ஒரு சிக்கல் வந்தது. அடையாளம் தெரியும்படி ஒருவர் முகம் இருந்தால், விளம்பரத்துக்கு விற்க அவர் கையெழுத்திட்ட 'மாடல் ரிலீஸ்' என்ற சம்மதப் படிவம் வேண்டும். அது என்னிடம் ஏது? ஆனால் இன்னொரு வழி இருந்தது. 'எடிட்டோரியல்' என்ற பிரிவில் போட்டால் படிவம் தேவையில்லை. செய்தி, கல்வி, கட்டுரை போன்றவற்றுக்கு மட்டும் அந்தப் படம் பயன்படும், விளம்பரத்துக்கு முடியாது. ஊர், நாடு, தேதி, என்ன நடந்தது என்று ஒரு குறிப்பு எழுதவேண்டும். எழுதினேன். பிறகு தேடுசொற்கள். தைப்பூசம், பத்துமலை, மலேசியா, இந்து, பக்தி, பால்குடம்... இருபதுக்குமேல் எனக்குச் சொல் ஓடவில்லை. மற்றவர்கள் தைப்பூசப் படங்களுக்கு என்ன சொல் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்தேன். அதிலிருந்து நானும் எடுத்துக்கொண்டேன். வலி. வேதனை. மயக்கநிலை. விநோதம். எல்லாம் ஆங்கிலத்தில். ஆங்கிலத்தில் எழுதும்போது அவ்வளவாக உறைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இரண்டு நாளில் படம் ஏற்கப்பட்டது. மார்ச்சில் விற்றது.

நண்பன் கேட்ட கேள்விக்கு அன்று நான் சொன்ன பதில், "தெரியாதுதான், அதனால என்ன? பொது இடம்டா." அந்தப் பதிலோடு நிம்மதியாகத்தான் இருந்தேன். செமஸ்டர் தேர்வு முடிந்த ஒரு ராத்திரி, சும்மா என் பெயரை இணையத்தில் தட்டிப் பார்த்தேன். யாரோ என் படத்தை எங்கேயோ போட்டிருப்பார்களே, பார்க்கலாம் என்ற அற்ப ஆசைதான். கிடைத்தது. ஒரு பயணக் கட்டுரை. உலகத்தின் விநோதமான சடங்குகள் என்று ஒரு பட்டியல். அதில் நாலாவதாக அந்த அக்கா. மேலே, உடலை வருத்திக்கொள்ளும் மனிதர்கள் என்கிற மாதிரி ஒரு வாசகம். படத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் என் பெயர்.

என் பெயர் இருந்தது. அவர் பெயர் இல்லை. எப்படி இருக்கும்? எனக்கே தெரியாதே.

கோபம்தான் முதலில் வந்தது, கட்டுரை எழுதியவர் மேல். ஆனால் அந்தக் கோபம் ரொம்ப நேரம் நிற்கவில்லை. 'விநோதம்' என்று தேடியவருக்கு இந்தப் படம் எப்படிக் கிடைத்தது? நான் போட்ட சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவர் வந்திருக்கவேண்டும். கதவைத் திறந்து வைத்துவிட்டு, உள்ளே வந்தவனைத் திட்டுவதில் என்ன நியாயம்?

அதைவிட இன்னொன்று உறுத்தியது. அந்த அக்கா ஏன் அழுதார்? வலியாலா? குழந்தை பிழைத்த நன்றியாலா? இறந்துபோன யாரையாவது நினைத்தா? முருகனைப் பார்க்கப்போகிறோம் என்ற ஆனந்தத்திலா? எனக்குத் தெரியாது. தெரியாமலே 'வலி' என்று எழுதி விற்றேன். அவர் முகத்தை விற்றதுகூட அடுத்த விஷயம். அவர் கண்ணீருக்கு நானாக ஓர் அர்த்தம் கற்பித்து, அந்த அர்த்தத்தை முப்பத்தெட்டு சென்ட்டுக்கு விற்றிருக்கிறேன்.

சரி, நான் செய்தது உண்மையிலேயே தப்பா? பொறியியல் படிப்பவன், உணர்ச்சிவசப்பட்டு முடிவு எடுக்கக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் பக்க நியாயங்களை வரிசையாக எழுதிப் பார்த்தேன்.

முதலாவது, சட்டம். நம் நாட்டின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, பொதுவாகப் படத்தின் உரிமை அதை எடுத்தவருக்குத்தான். படத்தில் இருப்பவருக்கு இல்லை. தளத்தின் விதியையும் நான் மீறவில்லை. ஆகவே நான் குற்றவாளி இல்லை. இது சரிதான். ஆனால் சட்டம் பதில் சொல்வது "இந்தப் படம் யாருடையது?" என்ற கேள்விக்கு மட்டும். "அந்த முகம் யாருடையது?" என்று நான் சட்டத்தைக் கேட்கவே இல்லை.

இரண்டாவது, பொது இடம். லட்சக்கணக்கானவர்கள் கூடும் இடத்துக்கு வந்தவர், தன்னை யாரும் பார்க்கக்கூடாது என்று எப்படி எதிர்பார்க்க முடியும்? இதிலும் நியாயம் உண்டு. ஆனால் அங்கே வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்ப்பது எப்படி? பால்குடம் எடுத்து வருபவரைப் பார்த்தால் வழிவிடுகிறோம். சிலர் கைகூப்புகிறோம். சில பாட்டிமார்கள் காலில் தண்ணீர் ஊற்றுகிறார்கள். அந்தப் பார்வைக்கு அவர் சம்மதித்துத்தான் வந்தார். படிகளில் நிற்காமல், எங்கோ ஒரு நாட்டில் நாற்காலியில் உட்கார்ந்து, அடுத்து என்ன விநோதம் என்று விரலால் தள்ளிக்கொண்டே போகிறவரின் பார்வைக்கும் சேர்த்தா சம்மதித்தார்?

மூன்றாவது நியாயம்தான் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. நாம் எடுக்காவிட்டால் யார் எடுப்பார்கள்? தைப்பூசம் என்று தேடினால் வரும் படங்களில் எவ்வளவு அலகு, எவ்வளவு கொக்கி! தண்ணீர்ப் பந்தலில் இரவெல்லாம் நின்று மோர் கொடுக்கும் பிள்ளைகள் எத்தனை படத்தில் இருக்கிறார்கள்? நாம் ஒதுங்கிக்கொண்டால் நம் விழாவின் முகத்தை வெளியாட்களே தீர்மானிப்பார்கள். உண்மை. செய்திப் படங்களும் வேண்டும். எல்லாரிடமும் கேட்டுத்தான் எடுக்கவேண்டும் என்றால் வரலாற்றில் ஒரு படமும் மிஞ்சாது. இந்த வாதத்துக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் ஒன்று தெரிந்தது. நம்மவர்கள் எடுக்கவேண்டும் என்பதற்குக் காரணமே, நாம் வேறு மாதிரி எடுப்போம் என்பதுதானே? நானும் அதே 'விநோதம்' என்ற சொல்லைப் போட்டால், கேமராவுக்குப் பின்னால் தமிழன் நின்று என்ன பிரயோஜனம்?

இந்தக் குழப்பத்தில் இருந்தபோதுதான் தீபாவளி வந்தது. பாட்டி முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தார். ஜன்னல் வெளிச்சம் அவர் முகத்தில் அழகாக விழுந்தது. எடுத்தேன். இந்த முறை முறைப்படி செய்வோம் என்று மாடல் ரிலீஸ் படிவத்தை அச்செடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது. நான் தமிழில் சொன்னேன்.

"யாரு வாங்குவாங்க?"

"யாரு வேணும்னாலும் வாங்கலாம், பாட்டி."

"எதுக்கு?"

"எதுக்கு வேணும்னாலும். ஆபாசம், அவதூறு அந்த மாதிரி சிலதுக்குத்தான் கூடாது."

கொஞ்சம் யோசித்தார். "அப்போ என் மூஞ்சியப் போட்டு மூட்டுவலி மருந்து விப்பானா?"

"விக்கலாம்."

"எனக்குத்தான் மூட்டுவலியே இல்லையே!" என்று சிரித்தார். பிறகு சிரிப்பு அடங்கியது. "நாங்க தோட்டத்துல இருந்தப்போ, துரை கூட ஆளுங்க வருவாங்க போட்டோ புடிக்க. மரம் சீவுற மாதிரி நில்லுன்னு சொல்வாங்க. நிப்போம். அந்தப் போட்டோவெல்லாம் எங்க போச்சோ. ஒண்ணுகூட எங்க கையில குடுத்ததில்ல." எண்ணெய்ச் சட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "கையை மட்டும் எடுத்துக்க, ஐயா. மூஞ்சி வேணாம்."

அந்தப் பேச்சு என்னைத் தேடவைத்தது. 1867இல் சிங்கப்பூரில் ஜி. ஆர். லாம்பர்ட் என்ற ஜெர்மானியர் ஒரு புகைப்பட நிலையம் தொடங்கினார். இந்த வட்டாரத்திலேயே பெரிய நிலையங்களில் ஒன்றாக அது வளர்ந்தது. ஊர்க் காட்சிகளோடு, இங்கே வாழ்ந்த பல இனத்து மனிதர்களையும் 'மாதிரிகள்' என்று படம் எடுத்து விற்றார்கள். அந்தக் காலத்து அஞ்சலட்டைகளிலும் அப்படித்தான். தமிழ் ஆண், தமிழ்ப் பெண் என்று போட்டிருக்கும். இனம் இருக்கும், சில சமயம் தொழில் இருக்கும், பெயர் இருக்காது. எடுத்த நிலையத்தின் பெயர் மட்டும் இன்றுவரைக்கும் நமக்குத் தெரிகிறது. ஸ்டாக் போட்டோ புதிய தொழில் என்று நினைத்திருந்தேன். நம் தாத்தா பாட்டிகளுக்கு அது பழைய கதை. அந்தப் படங்களைப் பார்த்து வருத்தப்பட எனக்கு உரிமை இருக்கிறது என்றால், நானே அதைச் செய்ததற்கு என்ன பெயர்?

அதுவரைக்கும் மாடல் ரிலீஸ் படிவத்தை நான் ஒரு தொல்லையாகத்தான் நினைத்திருந்தேன். வழக்குக்குப் பயந்து நிறுவனங்கள் கேட்கும் காகிதம். உண்மையில் அவர்கள் நோக்கமும் அதுவாக இருக்கலாம். ஆனால் பாட்டியிடம் அதைப் படித்துக்காட்டிய பத்து நிமிடத்தில் ஒன்று நடந்தது. அவர் கேள்வி கேட்டார். யோசித்தார். பாதியை மறுத்தார். கேட்கப்படும் மனிதருக்குத்தான் மறுக்க வாய்ப்பு. பத்துமலை அக்காவுக்கு அந்தப் பத்து நிமிடம் கிடைக்கவில்லை. அருள் வந்த நிலையில் இருந்தவரிடம் அப்போது கேட்டிருக்கவும் முடியாது. கேட்க முடியாத நிலை என்பது எடுத்துக்கொள்ளலாம் என்பதற்கு அனுமதி ஆகிவிடுமா? தூங்குபவர் பணப்பையைப் பற்றி நாம் அப்படிச் சொல்லமாட்டோம்.

திருக்குறளில் வாணிபம் பற்றி ஒரு குறள் இருக்கிறது. பள்ளியில் நாம் எல்லாரும் மனப்பாடம் செய்ததுதான். அடுத்தவர் பொருளையும் நம்முடையதுபோலப் பார்த்துச் செய்வதே நல்ல வாணிபம் என்பது அதன் கருத்து. அது பொருட்பாலில் இருக்கும் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இல்லை, அறத்துப்பாலில், நடுவு நிலைமை அதிகாரத்தில் இருக்கிறது. வாணிபம் செய்யாதே என்று வள்ளுவர் சொல்லவில்லை. ஆகவே நானும் படம் விற்பதே பாவம் என்று சொல்ல வரவில்லை. விற்கும்போது அடுத்தவர் பொருளை எப்படிக் கையாள்கிறோம் என்பதுதான் கேள்வி. ஒருவரின் பக்தியைவிட அவருக்குச் சொந்தமான பொருள் வேறு என்ன இருக்கிறது? விரதம் இருந்தது அவர். படி ஏறியது அவர். வேண்டுதல் அவருக்கும் முருகனுக்கும் இடையில் உள்ள கணக்கு. அந்தக் கணக்கில் நடுவில் புகுந்து தரகு வாங்கியவன் நான்.

தொகை சின்னது என்பதால் தப்பும் சின்னது என்று ஆகுமா? இதையும் யோசித்தேன். முப்பத்தெட்டு சென்ட்டுக்குப் பதிலாக மூவாயிரம் வெள்ளி வந்திருந்தால், இந்தக் கட்டுரையை எழுதியிருப்பேனா? நேர்மையாகச் சொன்னால், எழுதியிருக்கமாட்டேன் என்றுதான் தோன்றுகிறது. காசு குறைவாக இருந்ததால் மனசாட்சி பேச இடம் கிடைத்தது. அதனால்தான், பெரிய காசு வருவதற்கு முன்பே என் விதிகளை எழுதி வைத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அந்தப் படத்தை நீக்கிவிட்டேன். ஆனால் நீக்கினால் முடிந்துவிடாது. ஏற்கெனவே வாங்கியவரின் உரிமம் அவரிடமே இருக்கும். இப்போது இன்னொன்றும் சேர்ந்துவிட்டது. படத் தளங்களில் உள்ள படங்கள் செயற்கை நுண்ணறிவுக்குப் பாடமாகவும் போகின்றன. ஷட்டர்ஸ்டாக் ஓபன்ஏஐ நிறுவனத்துக்குப் படங்களை வழங்கியது. அடோபி 2023இல் வெளியிட்ட ஃபயர்ஃபிளை, அடோபி ஸ்டாக் படங்களில் பயிற்சி பெற்றது. ஆக, இன்று நாம் ஏற்றும் ஒரு முகம் மனிதர் கண்ணுக்கு மட்டும் போவதில்லை. தெர்மோடைனமிக்ஸில் மீளாச் செயல்முறை என்று படித்திருப்பீர்கள். பாலில் காப்பியைக் கலக்கலாம், பிரிக்க முடியாது. முகத்தை இணையத்தில் ஏற்றுவதும் அப்படித்தான். திரும்ப எடுக்க முடியாத காரியத்துக்கு முன்னால்தான் நின்று யோசிக்கவேண்டும்.

இப்போது நான் வைத்திருக்கும் விதிகள் இவை. ஒன்று, வழிபாட்டில் இருப்பவரின் முகம் அடையாளம் தெரியும்படி இருந்தால், பிறகாவது அவரைக் கேட்காமல் விற்பதில்லை. கை, பாதம், முதுகு, பூ, தூரத்துக் கூட்டம் இவற்றுக்கே ஓர் ஆயுசு போதாது. இரண்டு, பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர் என்றால் பெற்றோர் கையெழுத்து இல்லாமல் பேச்சே இல்லை. மூன்று, எனக்குத் தெரியாததைத் தேடுசொல்லாகப் போடுவதில்லை. 'கண்ணீர்' என்று போடுவேன், அது தெரிகிறது. 'வலி' என்று போடமாட்டேன். நான்கு, கேட்கும்போது பாட்டிக்குச் சொன்ன மாதிரி முழுசாகச் சொல்வது. "சும்மா ஒரு போட்டோ" என்று சொல்லி வாங்கும் சம்மதம் சம்மதமே இல்லை.

நான் விற்கவில்லையே, எனக்கு இதில் என்ன என்று நினைக்கிறீர்களா? சாமி வந்து ஆடும் ஒருவரைச் சுற்றி எத்தனை கைப்பேசி நிற்கிறது என்று அடுத்த திருவிழாவில் எண்ணிப் பாருங்கள். அன்று ராத்திரியே அது டிக்டாக்கில் ஓடும். கீழே யாரோ சிரிப்புப் படம் போடுவான். நமக்குக் காசு வரவில்லை, விருப்பக் குறி வருகிறது. அதுவும் ஒரு கூலிதானே.

2025ஆம் ஆண்டு தைப்பூசம் பிப்ரவரி 11இல் வந்தது. எங்கள் இளைஞர் குழுவோடு தண்ணீர்ப் பந்தலில் நின்றேன். கேமராவும் இருந்தது. படி இறங்கி வந்து, மூச்சு வாங்கி, தண்ணீர் குடித்து முடித்தவர்களிடம் போய்க் கேட்டேன். காவடி எடுத்த ஓர் அண்ணன், "எடு தம்பி, எனக்கு வாட்ஸ்அப்பில அனுப்பு, அம்மாவுக்குக் காட்டணும்" என்று தோளை நிமிர்த்தி நின்றார். படிவத்தில் கையெழுத்தும் போட்டார். இன்னொரு அண்ணன் முதலில் யோசித்தார், பிறகு முதுகுப் பக்கம் மட்டும் என்றார். ஓர் அக்கா தலையை ஆட்டினார். "வேணாம் தம்பி. இது வேண்டுதல்." சரிங்கக்கா என்று சொல்லிவிட்டு இன்னொரு குவளை மோர் ஊற்றிக் கொடுத்தேன். அன்று எனக்கு விற்கத் தகுந்த படம் மொத்தம் ஆறு கிடைத்தது. முந்தைய ஆண்டு நானூறு.

பழைய படத்தை நான் அழித்துவிடவில்லை. 4ஆர் அளவில் ஒரு பிரதி எடுத்து கேமராப் பையில் வைத்திருக்கிறேன். மஞ்சள் சேலை, பால்குடம், மூடிய கண். அந்த அக்காவை என்றாவது பார்த்தால் கையில் கொடுக்கவேண்டும். ஏன் அழுதீர்கள் என்று கேட்கமாட்டேன். பெயரை மட்டும் கேட்பேன்.